காலையில் காலைத் தொட்டுப் பார்த்தது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கத்து நண்பர்கள் மூன்று பேர் உள்பெட்டியில் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். "சார், பிள்ளைகளைக் குதிரையேற்றம் பழக அனுப்பலாமா? நல்ல இடம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" இடத்தின் பெயரைச் சொல்லிச் சிபாரிசு செய்கிற பழக்கம் எனக்கில்லை. அங்கே போய்க் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைச் சொல்லித் தருகிறேன். "இன்று காலையில் இந்தக் குதிரையின் காலைத் தொட்டுப் பார்த்தது யார்? என்ன சொன்னார்?" யாராவது ஒருவர் தயங்காமல் முன்னால் வந்து பதில் சொன்னால் அந்த இடத்தை நம்பலாம். குதிரை எவ்வளவு உயரம், எத்தனை பந்தயம் ஜெயித்தது என்பதெல்லாம் அப்புறம்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 31 வருஷம் விலங்கியல் நடத்தியவன் நான். குதிரையைப் பரிணாமப் பாடத்தில் படமாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நான்கு விரல் குதிரை, மூன்று விரல் குதிரை, ஒரு விரல் குதிரை என்று கரும்பலகையில் வரைவேன். உயிருள்ள குதிரையை அருகில் பார்க்க வாய்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான். என்னிடம் பிளஸ் டூ படித்த மாணவர் ஒருவர், சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஃபிட்டராக இருந்து சேர்த்த பணத்தில், ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து நான்கு குதிரை வைத்திருக்கிறார். சனி, ஞாயிறு பிள்ளைகளுக்குப் பயிற்சி. நான் காலை நடை போகும் வழிதான். தினமும் அரைமணி நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டு வருவேன்.

குதிரையைப் பராமரிப்பவரை லாயத்தில் சைஸ் என்பார்கள். அங்கே இருக்கும் சைஸுக்கு எழுபது வயதிருக்கும். பந்தயக் குதிரைகளோடு நாற்பது வருஷம் இருந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. தெலுங்கு கலந்த பக்கம் அல்லவா இது, எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் புத்தகத்தில் படித்ததை எல்லாம் அவர் விரல் நுனியில் வைத்திருக்கிறார்.

முதலில் கொஞ்சம் பாடம். வாத்தியார் புத்தி போகாது, மன்னியுங்கள்.

குதிரை நிற்பது ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலில். நம் நடுவிரல் எதுவோ, அதுதான் அதன் கால். குளம்பு என்பது அந்த விரலின் நகம். முன்னங்காலில் முட்டி என்று நாம் சொல்லும் இடம் நம் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்பக்கமாக மடங்கியிருக்கும் மூட்டு நம் குதிகால். ஏறக்குறைய 450, 500 கிலோ எடையுள்ள உடம்பு நான்கு நகங்களின் மேல் நிற்கிறது. அந்த எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. அதற்கு மேல் சேணம், அதற்கு மேல் நாம்.

இன்னொரு விஷயம். அந்த 'மணிக்கட்டு'க்குக் கீழே தசை இல்லை என்றே சொல்லலாம். எலும்பு, தசைநாண், இணைப்பு நார், தோல், அவ்வளவுதான். தசை இருந்தால் ரத்த ஓட்டம் தாராளமாக இருக்கும், அடிபட்டாலும் சீக்கிரம் ஆறும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது கிழிந்தால் ஆற ஒன்பது மாதம், ஒரு வருஷம் ஆகும். ஆறினாலும் பழைய நெகிழ்வு முழுதாகத் திரும்பாது.

நைனா தினமும் விடியற்காலையில் தீவனம் வைத்ததும் செய்கிற வேலை இதுதான். ஒவ்வொரு குதிரையின் பக்கத்திலும் குத்துக்காலிட்டு உட்கார்வார். புறங்கையால் முட்டியிலிருந்து குளம்பு வரை தடவிக்கொண்டே வருவார். உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சூடு நன்றாகத் தெரியும் என்பார். இடதைப் பார்த்தால் உடனே வலதையும் பார்ப்பார். ஒரு கால் சூடா இல்லையா என்பதை அடுத்த காலை வைத்துத்தான் சொல்ல முடியும். பிறகு காலைத் தூக்கி மடியில் வைத்து, பின்பக்கத் தசைநாணை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்துக்கொண்டே இறங்குவார். எங்காவது தடிப்பு இருக்கிறதா, அழுத்தும்போது குதிரை காலை இழுக்கிறதா என்று பார்ப்பார். கணுவின் பக்கவாட்டில் நாடி பிடிப்பார். நல்ல காலில் அந்த நாடி தேடினால்தான் கிடைக்கும். திம் திம் என்று விரலைத் தள்ளினால் குளம்புக்குள் ஏதோ கோளாறு. கடைசியாகக் குளம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து மோந்து பார்ப்பார். ஒரு குதிரைக்கு ஐந்து நிமிஷம் ஆகாது.

பிறகு கெட்டியான தரையில் நேர்கோட்டில் ஓட்டிப் பார்ப்பது. பாய்ச்சலில் ஒன்றும் தெரியாது, பெருநடையில்தான் தெரியும். அது இரண்டு தாளம். தாளம் சமமாக விழ வேண்டும். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் தரையில் படும்போது குதிரை தலையை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது தலை கீழே போகும். நைனா சில சமயம் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்பார்.

இனி செவலையின் கதைக்கு வருகிறேன். செவலை அங்கே இருக்கும் செம்பழுப்புக் குதிரை. பந்தயத்தில் ஓடி ஓய்ந்தது. பிள்ளைகளிடம் அவ்வளவு சாது. ஒரு வியாழக்கிழமை காலை அதன் இடது முன்னங்காலைத் தடவிக்கொண்டிருந்த நைனாவின் கை ஓரிடத்தில் நின்றது. "சார், இங்க கை வைங்க" என்றார். வைத்தேன். வலது காலிலும் வைத்தேன். வித்தியாசம் எனக்கே தெரிந்தது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சூடு. ஓட்டிப் பார்த்தார்கள். தாளம் சரியாக இருந்தது, தலையும் ஆடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. சாது என்று நம்பி ஏற்றக்கூடிய குதிரை செவலை ஒன்றுதான். பணம் கட்டியவர் நேரில் வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானே நடக்குது, தொட்டுப் பாத்து எப்படிங்க சொல்றீங்க?" என்றார். குதிரை வாங்கி விற்கும் தரகர் ஒருவர், "ஒரு வலி ஊசி போடுங்க, ஞாயித்துக்கிழமை பறக்கும்" என்றார்.

வலி ஊசி போட்டால் உண்மையிலேயே பறக்கும். அதுதான் ஆபத்து. வலி என்பது காலுக்குக் காவல்காரன். காவல்காரனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு வீட்டைத் திறந்து போட்டது போலத்தான். கிழிந்த நாரின் மேல் முழு எடையையும் போட்டு ஓடும், மேலும் கிழியும். மேலே பிள்ளை இருக்கும்போது கால் மடங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் மாணவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். அவர் முகத்தில் ஓடிய கணக்கு எனக்குத் தெரியும். குத்தகைப் பணம், கொள்ளு, தவிடு, லாடக்காரர் கூலி. பிறகு, "நைனா வேணாம்னா வேணாம்" என்று சொல்லி, போனை எடுத்து முன்பணத்தைத் திருப்பி அனுப்பினார். அந்த வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர் அவர். பொதுத்தேர்வில் அவர் வாங்கிய மதிப்பெண் எனக்கு நினைவில்லை. இது நினைவிருக்கும்.

வண்டி பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் சைதாப்பேட்டையில் 'டாபின் ஹால்' என்ற சிறிய கட்டடத்தில் 20 மாணவர்களோடு தொடங்கியது. டாபின் என்பது ஆங்கிலத்தில் உழைக்கும் குதிரைக்கு வைக்கும் செல்லப்பெயர். கல்லூரி அதன் பிறகு வேப்பேரிக்கு வந்தது. அங்கே ஸ்கேன் எடுத்தபோது தசைநாணின் நடுவில் கறுப்பாக ஒரு சிறு புள்ளி தெரிந்தது. நார்கள் அறுந்த இடம். "நல்ல வேளை, ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டீர்கள்" என்றார் மருத்துவர்.

அடுத்து வந்த மாதங்களில்தான் பிசியோதெரபி என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. முதல் சில நாள் ஓய்வு, பனிக்கட்டி போட்ட தண்ணீரில் காலை இருபது நிமிஷம் வைப்பது, சீராகக் கட்டுப் போடுவது. கட்டு ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால், கட்டே தசைநாணைக் காயப்படுத்திவிடும். மருத்துவர் அதைத் தன் கையாலேயே மாணவருக்குக் கட்டிக் காட்டினார்.

பிறகு நடை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கெட்டியான சமதரையில், முதலில் ஒரு வேளைக்குப் பத்து நிமிஷம், அப்புறம் வாரா வாரம் கொஞ்சம் கூட்டி. ஏன் நடை? புதிதாக ஊறும் நார்கள் வைக்கோல் போர் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகத்தான் உருவாகின்றன. அளவான இழுவை கிடைத்தால்தான் அவை இழுவையின் திசையில் சீவிவிட்டது போல வரிசையாகும். முழு ஓய்வு கொடுத்தாலும் தப்பு, அதிகம் ஓட்டினாலும் தப்பு. நாளொன்றுக்கு எத்தனை நிமிஷம் என்பதுதான் மருந்தின் அளவு.

ஆறாவது வாரம் இரண்டாவது சோதனை வந்தது. செவலை துள்ளுகிறது, கயிற்றை இழுக்கிறது, சூடு இல்லை, வீக்கம் இல்லை. பார்ப்பவர்கள் எல்லாரும் "சரியாயிடுச்சே, ஏன் சும்மா நிக்க வெச்சுத் தீனி போடறீங்க?" என்றார்கள். பல குதிரைகளின் கால் போவது இந்தக் கட்டத்தில்தான் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். வலி சில வாரத்தில் போய்விடும், நார் ஆற மாதக்கணக்கில் ஆகும். நைனா இதைத் தன் பாணியில் சொன்னார்: "வலி போச்சு சார், காயம் போகல." மனிதர்களுக்கும் இது பொருந்தும். முட்டி ஆபரேஷன் முடிந்து வலி நின்றதும் பயிற்சியை விட்டுவிடும் என் வயது நண்பர்கள் கவனிக்க.

காலுக்கு நடை என்றால் முதுகுக்குக் கேரட். சிரிக்காதீர்கள். நாளெல்லாம் லாயத்தில் நிற்கும் குதிரைக்கு முதுகெலும்பை ஒட்டிய உள்தசைகள் இளைத்துவிடும். நம் பாரத்தைத் தாங்க வேண்டியவை அவை. கேரட்டைக் கையில் பிடித்து, குதிரையின் முகவாயை மார்புக்கு, முன்னங்கால்களுக்கு நடுவில், பிறகு பக்கவாட்டில் விலாவுக்கு என்று மெதுவாக வரவழைத்துச் சில நொடி நிறுத்த வேண்டும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹிலாரி கிளேட்டன் குழுவினர் எட்டுக் குதிரைகளுக்கு இப்படி வாரத்தில் ஐந்து நாள், மூன்று மாதம் செய்து பார்த்து, அந்த உள்தசை பருத்திருப்பதை ஸ்கேனில் அளந்து 2011இல் வெளியிட்டார்கள். மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். எங்கள் தோப்பில் இதைப் பிள்ளைகளே செய்கிறார்கள். காலில் பலம் கூடிய பிறகு சவுக்குக் கழிகளை ஓரடி, ஓரடியாகத் தாண்டும்படி தரையில் இடைவெளி விட்டுப் போட்டு, அதன் மேல் நடக்க விட்டார்கள். ஒவ்வொரு காலையும் பார்த்துத் தூக்கி வைக்கப் பழகும்.

நம் பகுதிக்கென்று தனியாகச் சில தொல்லைகள் உண்டு. ஒன்று ஆணி. உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு ஏற்றிப்போகும் லாரிகளிலிருந்து கம்பித் துண்டும் ஆணியும் இரும்புச் சீவலும் சாலையோரம் விழுந்து கிடக்கும். ஆணி குளம்பின் அடியில் ஏறினால் பிடுங்கிப் போட்டுவிடத்தான் கை துடிக்கும். மேலும் உள்ளே ஏறும் நிலை இல்லையென்றால், அப்படியே வைத்து மருத்துவரைக் கூப்பிடுவது நல்லது. எந்த இடத்தில், எவ்வளவு ஆழம், எந்தக் கோணம் என்று அவர் பார்க்க வேண்டும். பிடுங்கிவிட்டால் துளை மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டும். வில்வாத ஜன்னி, அதாவது டெட்டனஸ், குதிரையை மிக எளிதாகத் தாக்கும் நோய். தடுப்பூசி போடாத குதிரையை வைத்திருப்பவர் சூதாடுகிறார் என்றுதான் அர்த்தம். அரசின் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண் இருக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஐப்பசி, கார்த்திகை மழை. சேற்றில் நாள் கணக்கில் நின்றால் குளம்பின் அடியில் இருக்கும் முக்கோண மெத்தை கறுத்து அழுகும். நைனா மோந்து பார்ப்பது இதற்காகத்தான். குதிரை நடக்கும்போது அந்த மெத்தை அமுங்கி அமுங்கி ரத்தத்தை மேலே தள்ள உதவுகிறது. அதனால்தான் அசையாமல் கட்டிப்போட்ட குதிரைக்குக் காலில் நீர் கோக்கும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளர்கிறது. நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் கை பட வேண்டும். முன்பக்கம் நீண்டுவிட்டால் பின்னால் தசைநாண் இழுபடும், செவலைக்கு வந்த கேடு அங்கிருந்தும் தொடங்கும்.

மூன்றாவது நம் வெயிலும் புழுக்கமும். கடலோரப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். மற்றவை வெயிலில் மூச்சிரைத்து வரும்போது அவற்றுக்கு வியர்க்கவில்லை, தோல் காய்ந்து இருக்கிறதென்றால் உடனே நிழலும் தண்ணீரும் வேண்டும். சூடாக வந்த குதிரை மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று இங்கே பலர் இன்னும் நம்புகிறார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி வெப்பத்தைப் பற்றி நடந்த ஆய்வுகள் அந்தப் பயத்தைப் போக்கிவிட்டன. தாராளமாக, உடம்பு முழுக்க, தொடர்ந்து ஊற்றலாம். குடிக்கவும் விடலாம்.

இதில் வேதனையான ஒரு பழைய கதையும் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். இங்குள்ள அரசர்கள் அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆளுக்கு ஆண்டுக்கு 2,000க்கு மேல் குதிரை வாங்குகிறார்களாம். ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சுவதில்லையாம். காரணம், பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. குதிரை கொண்டுவரும் வணிகர்கள் லாடம் அடிக்கிறவர்களை இங்கே வர விடுவதே இல்லை, குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம் என்கிறார் அவர். எண்ணிக்கையில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் பொன்னைக் கொட்டிக் குதிரை வாங்கிய நாட்டில் அதன் காலைத் தொட்டுப் பார்க்க ஒரு கை இல்லை என்பது நம்பக்கூடியதுதான். இன்றைக்கும் குதிரைக்கு லட்சத்தில் செலவழிப்பவர்கள் சைஸுக்கு என்ன சம்பளம் கொடுக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

செவலை விவகாரத்துக்குப் பிறகு மாணவர் ஒரு நோட்டைக் கொண்டுவந்து, "சார், நம்ம அட்டெண்டென்ஸ் ரிஜிஸ்டர் மாதிரி கோடு போட்டுக் குடுங்க" என்றார். போட்டுக்கொடுத்தேன். ஒரு குதிரைக்கு ஒரு பக்கம், நாளுக்கு ஒரு வரிசை, நான்கு காலுக்கு நான்கு கட்டம். நைனாவுக்கு எழுத வராது என்பதால் இரண்டு பேனா. சரியாக இருந்தால் பச்சைப் புள்ளி, சந்தேகம் என்றால் சிவப்பு. மாணவர் வைத்த சட்டம் ஒன்றுதான்: சிவப்புப் புள்ளி விழுந்த குதிரைக்கு அன்று சேணம் கிடையாது. நைனாவைத் தவிர யாரும் அதை மாற்ற முடியாது, முதலாளியான அவரும்கூட. அந்த நோட்டு லாயத்து வாசலில் ஆணியில் தொங்குகிறது. "தொட்டுப் பாத்து எப்படிங்க சொல்றீங்க" என்று கேட்டவரே அடுத்த முறை வந்தபோது முதலில் அதைப் புரட்டிப் பார்த்தார்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் ஃபவாத் மிர்சா செய்னர் மெடிகாட் என்ற குதிரையில் இறுதிச் சுற்று வரை போய் 23ஆம் இடம் பிடித்தது நினைவிருக்கலாம். அந்தப் போட்டியில் கடைசி நாள் தாண்டல் சுற்றுக்கு முன் ஒவ்வொரு குதிரையையும் சேணமில்லாமல் நேர்கோட்டில் ஓட்டிக் காட்ட வேண்டும். பரிசோதகர்கள் கண்ணுக்கு நொண்டல் பட்டால் எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒலிம்பிக்கில் கோட்டு சூட்டு போட்டவர்கள் செய்யும் அதே வேலையைத்தான் இந்த மாந்தோப்பில் நைனா லுங்கியோடு தினமும் செய்கிறார்.

செவலை இப்போது மறுபடியும் வேலை செய்கிறது. பத்து மாதம் கழித்து, இரண்டாவது, மூன்றாவது ஸ்கேனுக்குப் பிறகு. பழைய மாதிரி இல்லை. நாற்பது கிலோவுக்கு மேல் யாரையும் ஏற்றுவதில்லை, ஆழமான மணலில் விடுவதில்லை, பாய்ச்சல் கிடையாது. ஓடும் முன் பத்து நிமிஷம் நடை, ஓடிய பின் பத்து நிமிஷம் நடை, பிறகு காலுக்குத் தண்ணீர், அப்புறம் நைனாவின் மாலிஷ்.

ஆகவே பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் நண்பர்களே, போகும் இடத்தில் இவற்றைப் பாருங்கள். சேணத்துக்குக் கீழே முதுகில் வெள்ளை மயிர்த் திட்டோ புண்ணோ இருக்கிறதா? குளம்பு நீண்டு வெடித்திருக்கிறதா? நிழலும் தண்ணீரும் இருக்கிறதா? ஏறுபவரின் எடையைக் கேட்கிறார்களா? குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், சேணத்தையும் சேர்த்து, ஏற்றக்கூடாது என்பது பொதுவான கணக்கு. கடைசியாக நான் சொன்ன கேள்வியைக் கேளுங்கள். "இன்று இந்தக் குதிரை வேண்டாம்" என்று சைஸ் சொல்லி, உங்கள் பிள்ளை அழுதுகொண்டே வீடு திரும்ப நேர்ந்தால் கோபப்படாதீர்கள். அடுத்த வாரமும் அங்கேயே அனுப்புங்கள்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். எனக்குத் தெரியாததை நைனாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.